ஹெடரை ஹாஷ் செய்து சுமையைப் பங்கிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடியில் நாங்கள் பராமரித்த தேர்வு முடிவுத் தளம் ஒன்றில், முடிவு வெளியான காலையில், நான்கு சர்வர்களில் மூன்று ஏறக்குறைய சும்மா கிடக்க, ஒன்று மட்டும் திணறியது. வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பங்கிடும் லோடு பேலன்சரை, எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரை (கோரிக்கையோடு வரும் ஒரு குறிப்பு; அனுப்பியவரின் ஐபி முகவரி இதில் இருக்கும்) ஹாஷ் செய்து, அதாவது ஓர் எண்ணாக மாற்றி, சர்வரைத் தேர்ந்தெடுக்கும்படி அமைத்தவன் நான்தான். ஒரு விடுதியின் மாணவர்கள் அத்தனை பேரும் ஒரே வைஃபையின் ஒரே பொது ஐபி முகவரியில் வருவார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஹாஷ் சுமையைச் சமமாகப் பிரிப்பதில்லை. ஒரு மதிப்பை எப்போதும் ஒரே இடத்துக்கு அனுப்புவதே அதன் வேலை. ஆகவே அந்த ஹெடரில் எத்தனை மதிப்புகள் வருகின்றன, எது மிகுதியாக வருகிறது என்று லாகை (வந்த கோரிக்கைகளின் பதிவை) எடுத்து எண்ணிப் பார்க்காமல் இறங்குவதே பெரிய தவறு. மாவட்டப் பெயர் வரும் ஹெடர் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 2019-இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்ததில் வேலூர் என்ற ஒரு மதிப்பு மூன்றாயிற்று. ஆயினும் தமிழகம் முழுவதற்கும் 38 மதிப்புகளே உள்ளன, சென்னையின் கூட்டம் மொத்தமும் ஒரே சர்வரில்தான் இறங்கும். எத்தனை சர்வர்களைச் சேர்த்தாலும் இது தீராது.

ஹெடரே இல்லாமல் வரும் கோரிக்கைகளையும் மறக்கக் கூடாது. எச்ஏபிராக்ஸி என்ற லோடு பேலன்சர் மென்பொருள் அத்தகையவற்றை ரவுண்ட் ராபினில், அதாவது சர்வர்களுக்கு முறைவைத்து மாறி மாறி, அனுப்பிவிடும். ஹாஷ் செய்யப்படும் மதிப்பான சாவியை நாமே நிரல் எழுதி உருவாக்கினால், வெற்று மதிப்பும் ஒரு மதிப்பாகி, லாகின் செய்யாததால் ஹெடர் இல்லாதவர்கள் எல்லாரும் ஒரே சர்வரில் குவிவார்கள்.

அடுத்தது, ஹாஷ் எண்ணைச் சர்வர் எண்ணிக்கையால் வகுத்து, மீதியைப் பார்த்துச் சர்வரைத் தேர்ந்தெடுக்கும் எளிய முறை. ஹாஷ் 27 என்றால், நான்கு சர்வர்களில் மீதி 3; ஐந்தாவதைச் சேர்த்ததும் மீதி 2. இப்படி ஏறக்குறைய 80 சதவீதச் சாவிகள் இடம் மாறி, கேஷ் (மீண்டும் தேவைப்படுவதைச் சர்வர் கைவசம் வைத்திருக்கும் சேமிப்பு) ஒரே நொடியில் பயனற்றுப் போகும். சர்வர் எண்ணிக்கை மாறினாலும் பெரும்பாலான சாவிகளை இருந்த இடத்திலேயே விடும் கன்சிஸ்டென்ட் ஹாஷிங் முறையில் மாறுவது ஏறக்குறைய 20 சதவீதமே. லோடு பேலன்சராகப் பயன்படும் இன்னொரு மென்பொருளான என்ஜின்எக்ஸிலும் எச்ஏபிராக்ஸியிலும் இதை நாமே கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது.

வெளியிலிருந்து வரும் ஹெடரை அப்படியே நம்புவதும் ஆபத்து. ஒருவர் ஒரே மதிப்பைத் திரும்பத் திரும்ப எழுதி அனுப்பி, ஒரு சர்வரை மட்டும் குறிவைக்க முடியும்.

நாங்கள் பின்னர் மாணவரின் பதிவெண்ணுக்கு மாறினோம், சுமை சீரானது. ஆனால் எங்கள் கண்காணிப்பு நிரல் ஒரே சோதனைப் பதிவெண்ணை லோடு பேலன்சர் வழியாக அனுப்பிக்கொண்டிருந்ததால், அது பல வாரங்களாக ஒரே சர்வரை மட்டுமே பார்த்து, நான்கும் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.