சென்னை விமான நிலையத்துக்கு டாக்ஸியா, ரயிலா?

பகல் நேர விமானம், கையில் ஒரு பெட்டி, ஒரு பை என்றால் யோசிக்கவே வேண்டாம், மெட்ரோதான். சென்ட்ரலில் நீல வழித்தடத்தில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் விமான நிலையம். டிக்கெட் 50 ரூபாயைத் தாண்டாது. கோயம்பேடு பக்கம் இருப்பவர்கள் ஆலந்தூரில் மாறவேண்டியிருக்கலாம்.

தென் மாவட்டங்களிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் பலர் எழும்பூர் வரை போய்விட்டு, வந்த வழியே திரும்புகிறார்கள். தேவையே இல்லை. உங்கள் ரயில் தாம்பரத்தில் நிற்குமா என்று பார்த்து அங்கேயே இறங்குங்கள். கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் நான்காவது நிறுத்தம் திரிசூலம். சில்லறைக் காசுதான் டிக்கெட். வெளியே வந்தால் ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் விமான நிலையம். சாலையைக் குறுக்கே கடக்காதீர்கள், சுரங்கப்பாதை இருக்கிறது. ஆனால் பெரிய பெட்டியோடு படிகளில் ஏறி இறங்குவது கஷ்டம். மெட்ரோவில் லிஃப்ட் உண்டு.

நள்ளிரவு, விடியற்காலை விமானங்களுக்கு இதெல்லாம் உதவாது. மெட்ரோ இரவு 11 மணிவாக்கில் நின்றுவிடும், காலை 5 மணிக்குத்தான் மறுபடி தொடங்கும். வளைகுடா, சிங்கப்பூர் விமானங்கள் பல அந்த இடைவெளியில்தான். அப்போது டாக்ஸியை முந்தின நாளே பதிவு செய்துவிடுங்கள். மழை பெய்தால் ஆப்பில் கட்டணம் எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே முடியாது. வயதானவர்கள், கைக்குழந்தை, ஆளுக்கு இரண்டு பெட்டி என்றாலும் டாக்ஸியே சரி.