புது ஊரில் ஆள் பழக்கம்: அருகில் இருப்பவர்களைச் செயலி வழியே கண்டறிவது எப்படி

வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயர்ந்த ஒருவருக்கு, அலுவலகத்துக்கு வெளியே நான்கு பேரின் பழக்கம் கிடைப்பதற்குள் பல மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்தக் காலத்தைக் குறைக்கத் திறன்பேசிச் செயலிகள் உதவும். ஆனால் அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை உங்களைச் சுற்றியிருக்கும் ஆட்களைத் தூர வரிசையில் அடுக்கிக் காட்டும். மற்றொரு வகை உங்களைச் சுற்றி நடப்பவற்றைக் காட்டும்: சனிக்கிழமைக் காலை ஓட்டம், மாலைப் பூப்பந்து, மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டம், ஏரிக்கரையில் பறவை பார்த்தல். இரண்டாம் வகையிலிருந்தே தொடங்குங்கள். எண்ணூறு மீட்டர் தொலைவில் ஒருவர் இருக்கிறார் என்பது அவரோடு பேச ஒரு காரணமாகாது. ஒரே ஆடுகளத்தில் வாரந்தோறும் எதிரெதிரே நிற்பவர்களுக்கோ பேச்சைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

முதல் வகையின் குறைபாட்டை டெலிகிராமின் அனுபவத்தில் காணலாம். அருகில் இருக்கும் பயனர்களையும் குழுக்களையும் காட்டும் வசதியை அந்நிறுவனம் 2019-இல் கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் அதன் நிறுவனர் பாவெல் துரோவ் அதை நீக்குவதாக அறிவித்தார். பயனர்களில் 0.1 சதவீதத்துக்கும் குறைவானவர்களே அதைப் பயன்படுத்தினர் என்றும், தானியங்கிக் கணக்குகளும் மோசடிக்காரர்களும் அதில் சிக்கலாக இருந்தனர் என்றும் அவர் காரணம் கூறினார். இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பல இன்னும் அந்த வசதியைப் பரிந்துரைப்பதால், அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பொதுவான ஆர்வத்தின்படி குழுக்களைத் தேட, 2002-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட மீட்டப் இன்றும் பயனுள்ள செயலியாக இருக்கிறது. பெருநகரங்களில் மொழிப் பயிற்சி, மலையேற்றம், பலகை விளையாட்டு, நிரலாக்கம் எனப் பல பொருள்களில் அதில் குழுக்கள் உள்ளன. உங்கள் ஊரையும் எவ்வளவு தொலைவு செல்லத் தயார் என்பதையும் குறித்துவிட்டு, கிடைக்கும் குழுக்களை உறுப்பினர் எண்ணிக்கையை வைத்து மதிப்பிடாமல், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று பாருங்கள். மூவாயிரம் உறுப்பினர்கள் இருந்தும் ஆறு மாதமாக ஒரு நிகழ்வும் நடத்தாத குழு பெயரளவில்தான் உயிரோடு இருக்கிறது. முப்பது பேரே இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே அமைப்பாளர் ஒரே இடத்தில் கூட்டும் குழு உங்களுக்குப் பயன்படும். முந்தைய நிகழ்வுகளின் படங்களையும், வந்தவர்கள் எழுதிய குறிப்புகளையும் படித்தால், அது உண்மையில் நட்புக் கூட்டமா, அல்லது ஏதோ ஒரு பயிற்சி வகுப்பையோ காப்பீட்டுத் திட்டத்தையோ விற்பதற்கான ஏற்பாடா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

விளையாட்டில் நாட்டமுள்ளவர்களுக்குப் பெங்களூரில் தோன்றிய பிளேயோ பொருத்தமானது. ஆடுகளத்தை முன்பதிவு செய்வதோடு, ஆள் குறையும் ஆட்டங்களில் போய்ச் சேர்ந்துகொள்ளவும் அதில் வழி இருக்கிறது. கட்டணத்தை வந்தவர்கள் பகிர்ந்துகொள்வது வழக்கம். உங்கள் ஆட்டத் திறனை உள்ளபடியே குறிப்பிடுங்கள். பழகுநர் ஒருவர் தேர்ந்தவர்களின் ஆட்டத்தில் சேர்ந்தால் நான்கு பேரின் ஒரு மணி நேரம் கெடும், அடுத்த வாரம் அழைப்பும் வராது. ஓட்டத்துக்கும் மிதிவண்டிக்கும், பாதைகளைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் உள்ளூர்க் கழகங்களைத் தேடலாம்.

நட்புக்கென்றே உருவாக்கப்படாத செயலிகள்தாம் சில வேளைகளில் நல்ல நட்பைத் தருகின்றன என்பது என் கருத்து. கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இபேர்டு அப்படிப்பட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் போன்ற ஓர் இடத்தின் பக்கத்தைத் திறந்தால், அண்மையில் அங்கே சென்றவர்கள் பதிவிட்ட பறவைப் பட்டியல்கள் தெரியும். தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இந்தத் தளத்தின் வழியாகவே பதிவாகிறது. அந்த நாள்களில் உள்ளூர்க் குழுவோடு ஒரு காலைப் பொழுது நடந்தால், பறவைப் பெயர் ஒன்றுகூடத் தெரியாதவருக்கும் கைத்தொலைநோக்கியைக் கொடுத்துக் காட்டித்தர ஒருவர் இருப்பார்.

அடுக்ககத்தில் வசிப்பவர்கள், வாயில் பதிவுக்கெனப் பயன்படுத்தும் மைகேட் போன்ற செயலியின் அறிவிப்புப் பலகையையும் பார்க்கலாம். அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு, முகவரியைச் சரிபார்த்த பின்னரே சேர்க்கும் நெக்ஸ்ட்டோர் இருக்கிறது. அது இந்தியாவில் இயங்குவதில்லை. ஒருவரோடு ஒருவர் நேரடியாகப் பழக விரும்புவோருக்கு, துணைதேடும் செயலியான பம்பிள் 2016-இல் தொடங்கிய நட்புச் சேவை உண்டு. காதலுக்கானதையும் நட்புக்கானதையும் குழப்பிக்கொள்ளாமல், எதில் இருக்கிறோம் என்று உறுதி செய்துகொண்டு அதைப் பயன்படுத்துங்கள்.

எந்தச் செயலியாக இருந்தாலும், நிறுவியவுடன் அது உங்கள் இருப்பிடத்தைக் கேட்கும். கேட்டவுடன் எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டியதில்லை. ஐபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், ஆண்ட்ராய்டில் 2021-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதலும், துல்லியமான இருப்பிடத்துக்குப் பதிலாகத் தோராயமான இருப்பிடத்தை மட்டும் கொடுக்க முடியும். ஆண்ட்ராய்டில் அந்தத் தோராயம் சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்பு. அடையாற்றில் இருக்கிறீர்களா, அம்பத்தூரில் இருக்கிறீர்களா என்று தெரிந்தாலே குழுக்களைக் காட்டிவிட முடியும் என்பதால், உங்கள் தெருவை அது அறியத் தேவையில்லை. ஓட்டப் பாதையைப் பதிவு செய்யும் செயலிக்குத் துல்லியம் தேவைப்படும். அனுமதியை எப்போதும் 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்ற அளவில் நிறுத்துங்கள்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று கேட்கலாம். வெறும் தூரத்தைக் காட்டுவதே ஒருவரின் வீட்டைக் காட்டிக்கொடுக்கப் போதும் என்பதுதான் விடை. நீங்கள் ஓரிடத்திலிருந்து 2 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகச் செயலி சொன்னால், அந்த இடத்தை மையமாகக் கொண்ட ஒரு வட்டத்தின் மேல் எங்கோ இருக்கிறீர்கள் என்று பொருள். பார்ப்பவர் தம் இருப்பிடத்தைப் போலியாக மாற்றி இன்னும் இரண்டு இடங்களிலிருந்து தூரத்தைப் பார்த்தால், மூன்று வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் நீங்கள் இருப்பீர்கள். துணைதேடும் செயலியான டிண்டரில் இந்தக் குறை இருந்ததை இன்க்ளூட் செக்யூரிட்டி என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டனர். திரையில் முழு எண்ணாகத் தெரிந்த தூரம், பின்னணியில் பல தசம இடங்கள் வரை துல்லியமாக அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தது. தூரத்தை முழு எண்ணாக மாற்றி அனுப்பினால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது. போலி இருப்பிடத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி, 1 என்பது 2 ஆக மாறும் எல்லையைக் கண்டுபிடித்தால் அங்கே சரியான தூரம் கிடைத்துவிடுகிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 15 துணைதேடும் செயலிகளை ஆராய்ந்து, அவற்றில் ஆறு இத்தகைய வழிகளில் பயனரின் இடத்தை ஏறத்தாழத் துல்லியமாகக் காட்டிக்கொடுத்ததை 2024-இல் அறிவித்தனர். அந்த நிறுவனங்கள் பின்னர் திருத்தங்கள் செய்தன. ஆகவே தூரத்தை மறைக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அது இல்லாத செயலியை வீட்டிலிருந்து திறக்காதீர்கள்.

ஸ்ட்ராவாவுக்கு இன்னொரு பாடம் உண்டு. பயனர்களின் ஓட்டப் பாதைகளை ஒன்றுதிரட்டி அந்நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உலக வரைபடத்தில், ஆளரவமற்ற பகுதிகளில் இருந்த படைத்தளங்களின் வடிவம்கூடத் தெரிந்தது 2018 ஜனவரியில் பெரும் செய்தியானது. நாள்தோறும் வீட்டு வாசலிலேயே பதிவைத் தொடங்கி அங்கேயே முடிப்பவர் தம் முகவரியைத் தாமே வரைந்து கொடுக்கிறார். அமைப்புகளில், பாதையின் தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் தெரிவைக் கழகத்தில் சேர்வதற்கு முன்பே இயக்கிவிடுங்கள்.

சுயவிவரத்தில் பகுதியின் பெயர் போதும். தெரு, அலுவலக அடையாள அட்டை, அடுக்ககத்தின் பெயர்ப்பலகை ஆகியவை படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'புதியவர்களைச் சந்திக்கப் பிடிக்கும்' என்று எழுதுவதைவிட, 'ஞாயிறு காலை எலியட்ஸ் கடற்கரையில் ஐந்து கிலோமீட்டர் மெதுவாக ஓடுகிறேன், துணை தேடுகிறேன்' என்று எழுதினால் பொருத்தமானவர் பதிலளிப்பார். ஆனால் அதில் நேரத்தையும் சேர்த்துப் பொதுவில் எழுதாதீர்கள். நம் ஊரில் எந்தக் குழுவும் இறுதியில் வாட்ஸ்அப்பில்தான் போய் நிற்கிறது. அங்கே சேர்ந்ததும் உங்கள் எண் குழுவினருக்குத் தெரியும் என்பதால், ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்த்த பிறகு சேர்வது நல்லது. அதற்கு முன்பே, சுயவிவரப் படத்தைத் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்குமாறு மாற்றிவிடுங்கள்.

முதல் சந்திப்பு பகலில், பூங்காவிலோ நூலகத்திலோ ஆடுகளத்திலோ அமையட்டும். போகவும் வரவும் சொந்த ஏற்பாடு இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை 15 நிமிடம், ஒரு மணி நேரம் அல்லது எட்டு மணி நேரத்துக்குப் பகிரலாம். வீட்டில் ஒருவருக்கு அதை அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். இடத்தைத் தாமே முடிவு செய்வேன் என்று மறுதரப்பு வற்புறுத்தினால் ஒதுங்கிவிடுங்கள். குறிப்பிட்ட உணவகத்துக்கோ மதுக்கூடத்துக்கோ அழைத்துச் சென்று, பல்லாயிரம் ரூபாய்ப் பட்டியலை நீட்டிவிட்டு அழைத்தவர் மறைந்துவிடும் மோசடி டெல்லி, மும்பை போன்ற நகரங்களில் பலமுறை செய்தியாகியிருக்கிறது. அறிமுகமான சில நாள்களிலேயே முதலீட்டைப் பற்றிப் பேசுபவரையும், காணொலி அழைப்புக்கு அவசரப்படுத்துபவரையும் தயங்காமல் தடை செய்யுங்கள். பணத்தை இழந்துவிட்டால் வெட்கப்பட்டுக் காலம் தாழ்த்தாமல் உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்ய வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை முடக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. உடனடி ஆபத்தென்றால் 112.

முதல் கூட்டத்தில் யாரும் அதிகம் பேசாமல் போகலாம். பழைய உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருப்பார்கள். அதை வைத்துக் குழுவை எடைபோடாமல், ஐந்து குழுக்களுக்கு ஒவ்வொரு முறை போவதற்குப் பதில் ஒரே குழுவுக்குத் தொடர்ந்து சில முறை போங்கள். பாய் விரிப்பது, பந்து வாங்கி வருவது, தேநீர்க் கணக்குப் பார்ப்பது போன்ற ஒரு சிறு வேலையை ஏற்றுக்கொண்டால் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

உங்களுக்கென ஒரு குழு அமைந்த பின், தேவையற்ற செயலிகளை அகற்றுங்கள். ஆனால் திறன்பேசியிலிருந்து செயலியை நீக்கினால் கணக்கு நீங்கிவிடாது. உங்கள் படமும் விவரங்களும் தொடர்ந்து மற்றவர்களுக்குக் காட்டப்படலாம். முதலில் அமைப்புகளுக்குள் சென்று கணக்கை அழித்து, உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்தால் அதையும் முடித்துவிட்டு, அதன் பிறகே செயலியை நீக்குங்கள்.