டெல்லி குடியரசு தின அணிவகுப்பை நேரில் பார்க்க: முதல்முறை போகிறவர்களுக்கான செய்முறை

தொலைக்காட்சியில் அணிவகுப்பு நன்றாகவே தெரியும். ஆனால் தேசிய கீதத்தோடு சேர்ந்து பீரங்கி முழங்கும்போது நெஞ்சுக்கூட்டில் விழும் அந்த அதிர்வை நேரில் போனால்தான் உணர முடியும். ஒருமுறையாவது போய் உட்கார வேண்டிய இடம் அது. சீட்டு விலை அதிகமில்லை. பெரிய சிபாரிசும் தேவையில்லை. தேவைப்படுவது திட்டமிடல்தான். அதிலும் பெரும்பகுதி ஜனவரி பிறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அணிவகுப்பு நடக்கும் கர்த்தவ்ய பாத் என்பது பழைய ராஜபாதை. 2022-இல் பெயர் மாறியது. 1950-இல் முதல் அணிவகுப்பு இர்வின் மைதானத்தில் நடந்தது (இன்றைய மேஜர் தியான்சந்த் மைதானம்). 1955 முதல் இந்தச் சாலைக்கு வந்தது. விஜய் சௌக்கில் தொடங்கி இந்தியா கேட் நோக்கிச் செல்லும் இந்த நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். பார்வையாளர் பகுதிகள் எல்லாம் இதன் இருபுறமும்தான்.

படி 1: நவம்பரிலேயே பயணச்சீட்டு

அணிவகுப்புச் சீட்டு ஜனவரியில்தான் விற்பனைக்கு வரும். அது கிடைத்த பிறகு ரயில் பார்க்கலாம் என்று இருந்தால் காத்திருப்புப் பட்டியல்தான் மிஞ்சும். ஆகவே முதலில் ரயில், பிறகு அனுமதிச் சீட்டு. அணிவகுப்புச் சீட்டு கிடைக்காவிட்டால் ரயில் சீட்டை ரத்து செய்துகொள்ளலாம். சிறு தொகைதான் பிடித்தம்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்பாகத் திறக்கிறது. சென்னை சென்ட்ரலில் இரவு கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஜனவரி 22 ஏறினால் 24 காலை புது டெல்லி. அதற்கான முன்பதிவு நவம்பர் 23 காலை 8 மணிக்கு. 23 ஏறி 25 காலை இறங்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ஜனவரியில் வட இந்தியா முழுக்கப் பனிமூட்டம். ஆக்ராவுக்கு மேலே வண்டி ஊர்ந்துதான் போகும்; ஐந்தாறு மணி நேரத் தாமதம் அங்கே சாதாரணம். ஒரு முழு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது அவசியம்.

விமானத்தில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. குடியரசு தினத்தை ஒட்டிய வாரத்தில் டெல்லி வான்வெளியைக் காலை சுமார் 10.20 முதல் 12.45 வரை மூடிவிடுகிறார்கள். 2025-இல் ஜனவரி 19 முதல் 26 வரை இப்படித்தான் இருந்தது. அந்த நேரத்துக்குள் இறங்கும் விமானத்தில் பதிவு செய்தால் நேரம் மாறலாம், ரத்தும் ஆகலாம். அதிகாலையிலோ பிற்பகல் 3 மணிக்கு மேலோ இறங்கும் விமானம் நல்லது. திரும்பும் பயணத்தை 26-ஆம் தேதி மதியத்துக்குப் போட்டுவிடாதீர்கள். மாலை 6 மணிக்குப் பிறகு அல்லது மறுநாள்.

படி 2: தங்குமிடம் மெட்ரோவை ஒட்டி

26 அன்று விடியற்காலையில் ஆட்டோ, டாக்சி கிடைப்பது கடினம். கிடைத்தாலும் பாதி வழியில் தடுப்பு நிற்கும். மெட்ரோ மட்டுமே நம்பத்தக்கது. மஞ்சள் வழித்தடத்தில் ஒரு நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள். பஹார்கஞ்ச் வசதியானது, புது டெல்லி நிலையம் பக்கத்தில். கரோல் பாக் என்றால் நீலத் தடத்தில் ஏறி ராஜீவ் சௌக்கில் மஞ்சளுக்கு மாற வேண்டும். அதிகாலையில் அந்த ஒரு மாற்றத்துக்கு 20 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 3: அனுமதிச் சீட்டு

பலரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

விற்பனை பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘ஆமந்த்ரண்’ தளத்தில் நடக்கிறது. அதே பெயரில் கைப்பேசிச் செயலியும் உண்டு. 2025-இல் ஜனவரி 2 முதல் 11 வரை விற்றார்கள். 2026-இல் ஜனவரி 5 முதல் 14 வரை. இரண்டு ஆண்டும் விலை 100 ரூபாய், 20 ரூபாய் என்ற இரண்டே வகை. ஒவ்வொரு நாளும் காலை 9 மணிக்கு அன்றைய ஒதுக்கீடு திறக்கும், தீர்ந்ததும் மூடிவிடும். முதல் நாள் கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம், மறுநாள் 9 மணிக்கு மறுபடி புது ஒதுக்கீடு வரும். டிசம்பர் கடைசி வாரத்திலிருந்தே அறிவிப்பைத் தேடத் தொடங்குங்கள்.

முதல் நாள் இரவே தயாராக வைக்க வேண்டியவை: வருகிற ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த தேதியும் அடையாள அட்டையில் உள்ளபடியே, அந்த அட்டையின் தெளிவான, அளவு குறைத்த படம், ஓடிபி வரும் கைப்பேசி எண், யுபிஐ அல்லது அட்டை. 9 மணிக்கு உள்ளே போனபிறகு அடையாள அட்டையைத் தேடிப் படம் எடுக்கத் தொடங்கினால் 100 ரூபாய்ச் சீட்டு போய்விடும்.

பணம் பிடித்துச் சீட்டு வராமல் தளம் நின்றுபோவதும் உண்டு. உடனே இரண்டாம் முறை பணம் கட்டாதீர்கள். வெளியே வந்து மறுபடி உள்நுழைந்து, உங்கள் பதிவுகளில் சீட்டு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டெல்லியில் இருப்பவர்களுக்கு நேரடி கவுன்ட்டர்களும் உண்டு. சேனா பவன், சாஸ்திரி பவன், ஜந்தர் மந்தர், ராஜீவ் சௌக் மெட்ரோ, காஷ்மீரி கேட் மெட்ரோ போன்ற இடங்களில் 2026-இல் விற்றார்கள். அசல் அடையாள அட்டை கட்டாயம். நினைவில் வையுங்கள்: எந்த அட்டையைக் காட்டிச் சீட்டு வாங்கினீர்களோ அதே அட்டையின் அசல்தான் 26-ஆம் தேதி வாசலிலும் வேண்டும். ஆதாரில் பதிவு செய்துவிட்டு ஓட்டுநர் உரிமத்தோடு போய் நின்றால் சிக்கல்.

எந்தச் சீட்டு எடுப்பது? குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால் 100 ரூபாய்ச் சீட்டுக்கே முயலுங்கள். 20 ரூபாய்ச் சீட்டில் முன்வரிசை முந்தி வருபவருக்கே. இருட்டிலேயே போய்ச் சேரத் தயார் என்றால் அதுவும் நல்ல சீட்டுதான்.

படி 4: சீட்டில் இருக்கும் பார்வையாளர் பகுதியைப் படித்துக்கொள்வது

சீட்டு வந்ததும் பெரும்பாலானோர் பத்திரப்படுத்திவிட்டு மறந்துவிடுவார்கள். அதில் இருக்கும் பகுதியின் பெயரையும் வாசல் எண்ணையும் இறங்க வேண்டிய மெட்ரோ நிலையத்தையும் தாளில் தனியே எழுதிக்கொள்ளுங்கள். 2026-இல் எண்களுக்குப் பதிலாக நதிகளின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். காவிரியும் வைகையும் பெண்ணாறும் பெரியாறும் அந்தச் சாலையோரம் இடம்பெற்றன. நம் ஊர் ஆற்றின் பெயரைத் தலைநகரின் நடுவில் பார்ப்பது மனதுக்கு நிறைவான விஷயம்.

முக்கியமான சங்கதி: சாலையின் வடபுறமா தென்புறமா என்பது. அன்று காலை கர்த்தவ்ய பாத்தை யாரும் குறுக்கே கடக்க முடியாது. தவறான பக்கத்தில் இறங்கினால், எதிரே தெரிகிற உங்கள் இடத்துக்குப் போகப் பெரிய சுற்று சுற்ற வேண்டும். ஜன்பத், ரஃபி மார்க், மான்சிங் சாலை ஆகிய குறுக்குச் சாலைகளை 25 இரவே அடைத்துவிடுவார்கள். 25 காலை அந்தப் பகுதிக்கு ஒருமுறை நடந்து பார்த்து நிலைய வாசலை அடையாளம் வைத்துக்கொள்வது மிகுந்த பயன் தரும். மாலை வரை தள்ளிப்போடாதீர்கள், அதற்குள் சாலையை மூடிவிடுவார்கள்.

வடபுறம் இடம் வந்தால் நீங்கள் தெற்கு நோக்கி அமர்வீர்கள். பனி விலகினால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: எதை உடுத்துவது, எதை விட்டுவிட்டுப் போவது

டெல்லியில் அந்த வாரம் விடியற்காலை வெப்பநிலை 6 முதல் 9 டிகிரி. நடந்தால் தெரியாது; நான்கைந்து மணி நேரம் அசையாமல் உட்காரும்போதுதான் குளிர் எலும்புக்குள் இறங்கும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் ஒரு தடித்த ஸ்வெட்டரை மட்டும் நம்புகிறார்கள். அது போதாது. உள்ளே தெர்மல், மேலே முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், வெளியே காற்று புகாத ஜாக்கெட் என்று அடுக்காகப் போடுங்கள். கால்தான் முதலில் விறைக்கும்: கம்பளிக் காலுறை, மூடிய ஷூ. செருப்போடு போகவே கூடாது. காதை மூடும் குல்லாய், ஒரு சால்வை.

அனுமதி இல்லாதவற்றின் பட்டியல் நீளம்: பை, தின்பண்டம், தண்ணீர் பாட்டில், பிளாஸ்க், கேமரா, பைனாகுலர், பவர் பேங்க், சார்ஜர், இயர்போன், டேப்லெட், குடை, வாசனைத் திரவியம், தீப்பெட்டி, லைட்டர், கத்தரி, பிளேடு, குழந்தையின் பொம்மைத் துப்பாக்கி. ரிமோட் கார் சாவியும் இதில் சேர்த்தி. சொந்தக் காரில் வருகிறவர்கள் வாசலில் மாட்டிக்கொள்வது இதனால்தான். கைப்பேசி பற்றிச் சீட்டோடு வரும் குறிப்பில் என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். பாக்கெட்டில் சீட்டு, அசல் அடையாள அட்டை, மெட்ரோ அட்டை, கொஞ்சம் பணம், அன்றாட மாத்திரை. அவ்வளவே. குடிநீரும் கழிப்பறையும் உள்ளே ஏற்பாடு செய்திருப்பார்கள்.

படி 6: 26 காலை

3.45-க்கு எழுந்து, ரொட்டியோ வாழைப்பழமோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். மதியம் வரை வேறு எதுவும் கிடையாது. தேநீரை அரை டம்ளரோடு நிறுத்துவது புத்திசாலித்தனம், கழிப்பறை வரிசை நீளம். மெட்ரோ அன்று வழக்கத்துக்கு முன்பே ஓடும். 2025-இல் அதிகாலை 3 மணிக்கே தொடங்கினார்கள். அணிவகுப்புச் சீட்டையும் அடையாள அட்டையையும் காட்டினால் பயணம் இலவசம். சில நிலையங்களில் அன்று காலை ஏறவோ இறங்கவோ விடமாட்டார்கள். டெல்லி மெட்ரோ முன்கூட்டியே அறிவிக்கும் பட்டியலை 25 இரவு பார்த்துவிடுங்கள்.

5.30 முதல் 6-க்குள் நிலையத்தை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். சோதனை பல அடுக்காக இருக்கும். ஆண், பெண் வரிசைகள் தனித்தனி. குடும்பமாகப் போனால் சோதனைக்குப் பிறகு எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள்.

அணிவகுப்பு 10.30-க்கு. அதற்குச் சற்று முன் பிரதமர் தேசியப் போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைப்பார்; அதைத் திரையில்தான் பார்க்க முடியும். பிறகு குதிரைப்படை மெய்க்காவலர்கள் சூழக் குடியரசுத் தலைவர் வருவார், கொடி விரியும். தேசிய கீதம் தொடங்கியதும் 21 குண்டு முழக்கம். மடியில் இருக்கும் குழந்தை வீறிட்டு அழும் நேரம் அது. கொடி விரியும்போதே குழந்தையின் காதைப் பொத்திவிடுங்கள். பரம் வீர் சக்ரா, அசோக் சக்ரா பெற்றவர்கள் ஜீப்பில் வரும்போது சாலை முழுக்க எழுந்து நிற்கும், நீங்களும் நில்லுங்கள்.

அடுத்துப் படைப்பிரிவுகள், எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டகங்கள், பிறகு அலங்கார ஊர்திகள். எல்லா மாநில ஊர்தியும் எல்லா ஆண்டும் வராது. 2022-இல் தமிழ்நாட்டு ஊர்தி இடம்பெறவில்லை. 2024-இல் உத்திரமேரூர்க் குடவோலை முறையைக் காட்டும் ஊர்தி வந்தது. நம் ஊர்தியைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்த ஆண்டின் பட்டியலை முன்பே பாருங்கள்.

கடைசியில் விமானங்கள். சத்தம் கேட்டபின் நிமிர்ந்தால் விமானம் தாண்டிப் போயிருக்கும். அறிவிப்பு வந்ததுமே வானத்தைப் பாருங்கள். பனிமூட்டம் இருந்தால் இந்தப் பகுதி குறைந்துபோகும், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

படி 7: முடிந்த பிறகு

எல்லாரும் ஒரே நேரத்தில் நிலையத்துக்குப் பாய்வார்கள். முதியவர்கள் இருந்தால் அரை மணி நேரம் இருக்கையிலேயே இருங்கள்.

சீட்டு கிடைக்காதவர்களுக்கும் கடைசி வரிசையில் இருந்து சரியாகப் பார்க்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. அலங்கார ஊர்திகளைச் செங்கோட்டை முன் ‘பாரத் பர்வ்’ விழாவில் மாத இறுதிவரை நிறுத்தி வைப்பார்கள். அனுமதி இலவசம், ஊதாத் தடத்தில் லால் கிலா நிலையம். சாலையில் ஒரு நிமிடத்தில் கடந்துபோன ஊர்தியை இங்கே அருகில் நின்று, சிற்ப வேலையின் மடிப்பு வரை பார்க்கலாம். 27 பிற்பகல் போவது நல்லது.

29 வரை தங்க முடிந்தால் விஜய் சௌக்கில் முப்படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சி (பீட்டிங் ரிட்ரீட்); படைகளின் இசைக்குழுக்கள் வாசிக்கும் விழா அது. அதற்கான சீட்டும் அதே ‘ஆமந்த்ரண்’ தளத்தில், 100 ரூபாய். 28 மாலை நடக்கும் அதன் முழு ஒத்திகைக்கு 20 ரூபாய். இசை கேட்க விரும்புகிறவர்கள் ஒத்திகைக்கே போகலாம். வாசிக்கிற இசைக்குழுக்கள் அவையேதான்.