குறட்டை ஒப்பரேஷன் முடிஞ்சுது, இனி வருசக்கணக்கா என்ன பாக்கோணும்

குறட்டை நிண்டுட்டுது எண்டா வருத்தமும் (ஸ்லீப் அப்னியா, நித்திரையில மூச்சு தடைப்படுறது) போட்டுது எண்டு நினைக்காதீங்கோ, சத்தம் இல்லாமலும் மூச்சு நிக்கும். அதால 3 - 6 மாசத்தில திரும்ப ஸ்லீப் ஸ்டடி (நித்திரை கொள்ளேக்க மூச்சை அளக்கிற சோதனை) செய்யச் சொல்லிக் கேளுங்கோ. அதில ஏஎச்ஐ எண்டு ஒரு நம்பர் வரும், மணித்தியாலத்துக்கு எத்தினை தரம் மூச்சு தடைப்படுது எண்ட கணக்கு, 5க்குக் கீழ எண்டா நோர்மல், 30க்கு மேல கடுமை. பழைய ரிப்போர்ட்டை எறியாதீங்கோ, பக்கத்தில வச்சுப் பாத்தாத்தான் விளங்கும். சீபாப் மெசினையும் (நித்திரையில மாஸ்க்கால காத்து அடிச்சு மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கிறது) அவசரப்பட்டு வித்துப்போடாதீங்கோ.

பகல் நித்திரையை அளக்க எப்வேர்த் ஸ்கேல் எண்டு ஒரு கேள்விப் பட்டியல் இருக்கு, 8 கேள்வி, மொத்தப் புள்ளி 24, 10க்கு மேல வந்தா டொக்டரிட்டக் காட்டோணும். கொழும்பில வெள்ளவத்தையில பஸ் ஏறி கிட்ட இருக்கிற கொள்ளுப்பிட்டி வரமுதல் தூங்கி விழுறீங்களா, அதே காணும், காலி வீதியில நீங்களே கார் ஓட்டுற ஆளெண்டா இன்னும் கவனம்.

தொண்டையில ஒப்பரேஷன் செஞ்ச ஆக்கள் சிலருக்கு வறட்சி, என்னவோ சிக்கின மாதிரி ஒரு உணர்வு கனகாலம் இருக்கும், நிமிந்து இருந்து சின்னச் சின்ன மிடறா தண்ணி குடியுங்கோ. குடிக்கிற தண்ணி மூக்கால வாறது தொடர்ந்தா சும்மா விடாதீங்கோ.

பெரிய எதிரி உடம்பு நிறைதான். இராப் பத்து மணிக் கொத்து ரொட்டி ஒப்பரேஷனையே வீணாக்கிப்போடும் (எனக்கும் விட மனமில்லை, அது வேற கதை). படுக்கமுதல் குடி வேண்டாம், சரிஞ்சு படுங்கோ. மாசத்துக்கு ஒருக்கா வீட்டில ஆரையாவது நீங்கள் நித்திரை கொள்ளேக்க போனில ரெக்கோர்ட் பண்ணச் சொல்லுங்கோ.