புத்தகத்தில் படித்த குணத்தை 555 நோட்டில் ஏற்றுவது எப்படி

காலையில் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் பொன்மொழி மழைதான். முன்னேற்றப் புத்தகங்களைப் படிக்கிறவர்களும் நம்மிடையே நிறைய. சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளனாக இருக்கும் எனக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. யார் எதைச் சொன்னாலும், “சரி, இதை எப்போது செய்வது, செய்தோமா என்று யார் பார்ப்பது?” என்று கேட்டுவிடுவேன். ‘கவனமாக வேலை செய்யுங்கள்’ என்று பலகை மாட்டுவதால் யார் விரலும் தப்பாது. ‘கிரைண்டரின் தட்டை மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்கு’ என்றால் தப்பும். குணத்தைப் பற்றிய புத்தகங்களையும் இப்படித்தான் படிக்கிறேன். நாளின் இன்ன நேரத்தில் செய்யும் ஒரு வேலையாக மாற்ற முடியாத பக்கத்தைப் பாராட்டிவிட்டுத் தாண்டிவிடலாம்.

தேவையான பொருள் ஒன்றுதான்: 555 நோட்டு. மளிகைக் கடைக்காரர்கள் கடன் கணக்கு எழுதிவந்த அதே சின்ன நோட்டு. சட்டைப்பையில் அடங்கும். கைப்பேசிச் செயலி வேண்டாம். கணக்கு எழுதத்தான் போனைத் திறப்போம், அரை மணி கழித்து யாரோ மீன் வறுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

முதலில் படிக்க நான் சொல்வது, அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளினின் தன்வரலாறு. ஆங்கிலத்தில் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முழுதும் படிக்க நேரமில்லை என்றால், 1784இல் பாரிஸை ஒட்டிய பாஸியில் இருந்தபோது அவர் எழுதிய பகுதி போதும். இளவயதில் தனக்குத்தானே போட்டுக்கொண்ட திட்டத்தை அங்கே விவரிக்கிறார். 13 குணங்கள். சின்ன நோட்டில் குணத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தில் வாரத்தின் நாள்களுக்கு 7 பத்திகள், குணங்களுக்கு 13 வரிசைகள். தவறிய கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு வாரம் முழுக்க ஒரு குணத்தில்தான் விசேஷக் கவனம், மற்றவை வழக்கம்போல. 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு 4 சுற்று.

எனக்குப் பிடித்தது இந்தக் கட்டமல்ல, அதைச் சுற்றி அவர் சொல்லும் விஷயங்கள். பட்டியலில் முதலில் 12 குணங்கள்தான் இருந்தன. குவேக்கர் என்ற கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர், ‘உனக்குக் கர்வம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள்’ என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் பணிவு 13ஆவதாகச் சேர்ந்தது. அடுத்து, எல்லாவற்றையும் அததன் இடத்தில் வைக்கும் ஒழுங்கு. அதுதான் தன்னை மிகவும் படுத்தியது, அது தனக்குக் கைவரவேயில்லை என்று எழுதுகிறார். 1706இல் பிறந்தவர். உலகம் புகழும் 78 வயதில் இதை ஒப்புக்கொள்கிறார். எந்த முன்னேற்றப் புத்தகத்தையும் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்: எழுதியவர் தனக்கு வராததைச் சொல்கிறாரா? எல்லாம் வந்துவிட்டது என்பவரின் புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

அதே பிராங்க்ளின் வீட்டில் அடிமைகளையும் வைத்திருந்தார். கடைசிக் காலத்தில்தான், 1787இல், பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். இதைத் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது. “குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்” என்ற குறளை வேலைக்கு ஆள் எடுக்கும்போது மேற்கோள் காட்டுவோம். புத்தகம் எழுதியவரையும் அந்தத் தராசில் நிறுத்தலாம்.

சரி, நோட்டைத் திறங்கள். 13 குணம் நமக்குக் கட்டுப்படியாகாது. ஷிஃப்ட் வேலை பார்க்கிறவருக்கு ஒன்றே அதிகம். ‘பொறுமை’ என்று எழுதாதீர்கள். ‘போர்மேன் குறுக்கே பேசினால் அவர் முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டேன்’ என்று எழுதுங்கள். ‘குடும்பத்துக்கு நேரம்’ என்பதும் வேண்டாம். ‘வீட்டுக்குள் வந்ததும் போனை ஷூ அலமாரி மேல் வைப்பேன், சாப்பிட்டு முடித்த பிறகுதான் எடுப்பேன்’ என்பது நோட்டுக்கேற்ற வரி.

சட்டத்துக்குப் பயந்து செய்வதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடி நிலையங்களில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயம், மீறினால் நடவடிக்கை. ஆகவே நம் தட்டை நாம் எடுத்து வைத்தால் அதற்கு நோட்டில் இடமில்லை. பக்கத்து மேசையில் கைத்தடியோடு எழுந்திருக்கும் தாத்தாவின் தட்டையும் சேர்த்துக் கொண்டுபோவேன் என்றால் அது நோட்டுக்கேற்ற வரி.

எப்போது எழுதுவது? இதற்கு எனக்குக் கன்பூசியஸ் மரபு கைகொடுத்தது. மதியம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடும் சீனப் பெரியவர் ஒருவர், பள்ளியில் மனப்பாடம் செய்த வரி என்று சொல்லிக் காட்டியது அது. கன்பூசியஸின் சீடர் ட்செங்ஸி தினமும் தன்னை மூன்று விஷயத்தில் சோதித்துக்கொள்வாராம். பிறருக்காக எடுத்துச் செய்த காரியத்தில் உண்மையாக இருந்தேனா? நண்பர்களிடம் சொன்ன சொல் காத்தேனா? கற்றுத்தந்ததைப் பயிற்சி செய்தேனா? மூன்றில் இரண்டு மற்றவர்களைப் பற்றிய கேள்வி என்பதைக் கவனியுங்கள். இன்று எவ்வளவு சாதித்தாய் என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. துவாஸ் லிங்க்கில் ரயில் ஏறி ஜூரோங் ஈஸ்ட் வருவதற்குள் இந்த மூன்றையும் நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம். உட்கார இடம் கிடைத்தால் அப்போதே புள்ளியும் வைத்துவிடலாம்.

புள்ளிக்குப் பக்கத்தில் அரை வரி காரணம் எழுதுங்கள். இது பிராங்க்ளினிடம் கற்றதல்ல, எங்கள் பட்டறைப் பழக்கம். 2004இல் சுரங்க ரயில்பாதைக் கட்டுமானத்தின்போது நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து 4 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்து விபத்துகளின் பாடத்தில்தான் 2006இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அடிபடாமல் மயிரிழையில் தப்பியதையும் நாங்கள் ‘நியர் மிஸ்’ என்று எழுதுவோம். குற்றவாளியைத் தேடும் தாள் அல்ல அது. எங்கே, எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது என்று மட்டும் கேட்கும். கோபத்துக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது. ‘மாலை 6 மணி, பசி, பையன் கணக்குப் பாடம்’ என்று ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் உபதேசம் தேவையில்லை, 5 மணிக்கு ஒரு கறிபஃப் போதும்.

அப்புறம், புள்ளியை நீங்களே வைத்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் கணக்கு இளகிவிடும். “இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பா ரிலானுங் கெடும்.” இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னனை யாரும் கெடுக்க வேண்டாம், தானே கெடுவான். என் வீட்டில் அந்தப் பதவி மனைவிக்கு. ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே நோட்டைக் கேட்பாள். “என்னங்க, புதன்கிழமை வெள்ளையா இருக்கு? அன்னிக்குத்தான அம்மாவுக்குப் போன் பண்றேன்னு சொல்லிட்டுத் தூங்கினீங்க?” பேனா அவள் கைக்குப் போய்விடும். தனியாகத் தங்கியிருப்பவர்கள் அறைத்தோழர் ஒருவரிடம் கொடுக்கலாம். உங்களிடம் கடன் வாங்கியவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள், அவர் புள்ளியே வைக்கமாட்டார்.

நோட்டின் கடைசிப் பக்கங்களை வேறொரு வேலைக்கு விட்டுவையுங்கள். கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட மார்க்கஸ் அவுரேலியஸ் தனக்கென்று கிரேக்க மொழியில் எழுதிவைத்த குறிப்புகள் இன்றும் அச்சில் இருக்கின்றன. அதன் முதல் பகுதி முழுக்கப் பட்டியல்தான்: யாரிடம் எதைக் கற்றேன் என்று. தாத்தாவிடம் கோபமில்லாத குணம், அம்மாவிடம் தெய்வபக்தியும் எளிய வாழ்க்கையும், ருஸ்டிகஸ் என்ற ஆசிரியரிடம் மேலோட்டமாகப் படிக்காமல் ஊன்றிப் படிப்பது. ஒரு பேரரசர் தன்னிடம் இருப்பதெல்லாம் யார் கொடுத்தது என்று கணக்குப் பார்த்திருக்கிறார்.

நீங்களும் எழுதுங்கள். நபர், அவர் செய்த ஒரு செயல், அவ்வளவுதான். ‘நல்லவர்’ என்ற சொல் வரக்கூடாது. என் நோட்டில் ஒரு மலாய் கிரேன் ஓட்டுநர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் ‘பக்சிக்’, மலாயில் மாமா. ஒரு மதியம் மழை இருட்டிக்கொண்டு வர, இரும்புத் தகடு கொக்கியில் தயாராகத் தொங்குகிறது. வாக்கிடாக்கியில் மேலாளர் தூக்கச் சொல்லிக் கத்துகிறார். சிக்னல் கொடுப்பவர் ஒரு கொள்கலனுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டார், அவர் கை பக்சிக்குத் தெரியவில்லை. பக்சிக் லீவரிலிருந்து இரு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பதில் பேசவில்லை. சிக்னல்காரர் வெளியே வந்து கையைக் காட்டிய பிறகுதான் கொக்கி அசைந்தது. மன உறுதியைப் பற்றித் திருக்குறளில் ‘வினைத்திட்பம்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மடியில் கிடந்த அந்தக் கைகள்தான் தெரியும்.

இந்தப் பட்டியல் ஒரே நாளில் வராது. “செடிக்கிட் செடிக்கிட், லாமா லாமா ஜாடி புக்கிட்” என்று மலாய்க்காரர்கள் சொல்வதுபோல் சிறுகச் சிறுகத்தான் குன்றாகும். பேர் ஞாபகம் வரும்போது எழுதிக்கொள்ளுங்கள்.

இரவு ஷிஃப்ட்காரர்களுக்கு ஒரு குறிப்பு. உங்கள் நாள் மாலை 7 மணிக்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டு பத்தியைப் பிரியுங்கள், காலண்டர் தேதியைப் பார்க்காதீர்கள். காலையில் தூக்கக் கலக்கத்தில் புள்ளி வைக்கவும் வேண்டாம். தூங்கி எழுந்து, தேத்தண்ணி குடித்த பிறகு வையுங்கள்.