பெரிய விண்ட்ஷீல்டு மாட்டினால் காற்று நின்றுவிடுமா? பைக்கில் தினமும் தூரம் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலிருந்து வள்ளியூருக்கோ திருநெல்வேலிக்கோ தினமும் பைக்கில் வேலைக்குப் போய்வருகிறவர்களிடம் ஜூன் முதல் செப்டம்பர் வரை பேச்சுக் கொடுத்தால், பேச்சு காற்றில்தான் வந்து நிற்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பீய்ச்சிக்கொண்டு வருகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். காலையில் முதுகைத் தள்ளிவிடுகிற காற்று, காவல்கிணறில் வண்டி வடக்கே திரும்பியதும் இடது விலாவில் அடிக்கும். மாலையில் அதுவே வலது பக்கம். காவல்கிணறு தாண்டி ஊரை நோக்கித் திரும்பினால் நெஞ்சுக்கு நேரே. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றிலும், தென்காசிப் பக்கம் செங்கோட்டைக் காற்றிலும் ஓட்டுகிறவர்களுக்கும் இது புதிதல்ல.

காற்று ஏன் இவ்வளவு களைப்பாக்குகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. நீங்கள் 70 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிர்க்காற்று 30 கி.மீ. வேகத்தில் வருகிறது என்றால், உங்கள் நெஞ்சுக்கு அது 100 கி.மீ. காற்று. காற்றில்லாத நாளில் அதே 70-ல் போவதைவிட இரண்டு மடங்கு அழுத்தம். வீடு வந்து சேரும்போது கழுத்தும் தோளும் கடுப்பதில் ஆச்சரியம் இல்லை.

உடனே ஆக்சஸரி கடைக்குப் போய், "இருக்கிறதிலேயே உயரமான விண்ட்ஷீல்டு எது?" என்று கேட்பார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

விண்ட்ஷீல்டு, அதாவது வண்டியின் முன்னால் மாட்டுகிற காற்றுத் தடுப்புக் கண்ணாடி, காற்றை நிறுத்துவதில்லை, வேறு இடத்துக்கு அனுப்புகிறது. அதன் மேல்விளிம்பில் ஏறித் தாண்டுகிற காற்று, விளிம்பைக் கடந்ததும் சுழன்று உடைகிறது. அந்தச் சுழல் உங்கள் நெஞ்சுக்கோ தோளுக்கோ வந்தால் பெரிதாகத் தெரியாது. ஹெல்மெட்டின் நெற்றியில் வந்து விழுந்தால், தலையை இரண்டு பக்கமும் யாரோ தட்டுவதுபோல் ஆடும், பார்வை நடுங்கும், இரைச்சல் காதைப் பிளக்கும். விண்ட்ஷீல்டே இல்லாத ஸ்ப்ளெண்டரில் முகத்தில் அடிக்கிற காற்று பலமானதுதான், ஆனால் சீரானது. கழுத்து அதற்குப் பழகிவிடும். நொடிக்கு நொடி மாறுகிற சுழலுக்குப் பழகவே முடியாது. "கண்ணாடி போட்ட பிறகுதான் தலைவலியே வந்தது" என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். கடைக்காரர் அதைவிடப் பெரியதைக் காட்டுவார். சுழல் இன்னும் மேலே ஏறி உச்சந்தலையில் விழும்.

ஆகவே எவ்வளவு பெரியது என்று கேட்பதைவிட, சுழல் என் உடம்பில் எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் பயன். உங்கள் உயரம், சீட்டின் உயரம், நிமிர்ந்து உட்காருவீர்களா குனிந்தா, எந்த ஹெல்மெட் என்பதைப் பொறுத்து அது மாறும். ஐந்தே கால் அடி நண்பருக்கு அருமையாக அமைந்த கண்ணாடி ஆறடி ஆளுக்கு நரகமாக இருக்கும். ஆன்லைனில் நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்து விண்ட்ஷீல்டு வாங்குவதை நான் இதனால்தான் நம்புவதில்லை.

வாங்குவதற்கு முன்னோ, வாங்கியதைக் கழற்றி எறிவதற்கு முன்னோ, ஒரு சோதனை செய்து பாருங்கள். காற்று அடங்கிய விடியற்காலையில், நேரான, வண்டி குறைவான சாலையில் 60 வேகத்தில் போங்கள். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கட்டும். ஃபுட்ரெஸ்ட்டில் காலை ஊன்றி நாலைந்து அங்குலம் மட்டும் எழும்புங்கள். தலை ஆட்டம் நின்று இரைச்சல் சீராகிவிட்டால், சுழலுக்கு மேலே சுத்தமான காற்றுக்குள் போய்விட்டீர்கள் என்று பொருள். உங்களுக்குத் தேவை இன்னும் தாழ்வான கண்ணாடி. மாறாக, கொஞ்சம் குனிந்தால்தான் அமைதி கிடைக்கிறது என்றால் கண்ணாடி உயர வேண்டும், அல்லது மேல்விளிம்பில் கவ்விக்கொள்கிற சிறிய கூடுதல் தகடு ஒன்று போதும். கண்ணாடியை முழுவதுமாகக் கழற்றிவிட்டும் ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். சிலருக்கு அதுவே சரியான விடையாக இருக்கும், காசும் மிச்சம்.

உயரத்தை மாற்றாமலே சரிசெய்ய இன்னொரு வழி உண்டு. விண்ட்ஷீல்டுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு வெற்றிடம் மாதிரி உருவாகிறது. அந்த இடத்தை நிரப்பச் சுற்றியிருக்கிற காற்று உள்ளே பாய்வதால்தான் சுழல் அவ்வளவு மூர்க்கமாகிறது. முதுகிலிருந்து யாரோ முன்னால் தள்ளுவது போன்ற உணர்வும் அதனால் வருவதே. கண்ணாடியின் அடிப்பகுதிக்கும் ஹெட்லைட்டுக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி விட்டால், கீழிருந்து காற்று ஏறி அந்த வெற்றிடத்தை நிரப்பும். ஆனால் நம் ஆட்கள் அந்த இடைவெளியைப் பார்த்ததும் ரப்பர் ஷீட்டோ ஃபோமோ வைத்து அடைத்துவிடுவார்கள். அடைக்காதீர்கள். கண்ணாடிக்கும் அதைத் தாங்குகிற பிடிக்கும் நடுவே இரண்டு மூன்று வாஷர் கொடுத்துக் கண்ணாடியை லேசாக முன்னே தள்ளியும், சாய்வைக் கொஞ்சம் மாற்றியும் பாருங்கள். பத்து ரூபாய் வாஷர் தீர்த்துவைக்கக்கூடிய பிரச்சினைக்கு ஐயாயிரம் ரூபாய்க் கண்ணாடி வாங்கியவர்கள் உண்டு.

இன்னொன்று, சாலையைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்க வேண்டும், கண்ணாடி வழியாக அல்ல. உட்கார்ந்த நிலையில் மேல்விளிம்பு உங்கள் மூக்குக்கும் வாய்க்கும் நேராக வந்தால் போதும். அதற்கு மேல் போனால் பகலில் வித்தியாசம் தெரியாது. ஐப்பசி மழையில், இரவில், எதிரே வருகிற லாரியின் ஹைபீம் கீறல் விழுந்த கண்ணாடியில் பட்டுச் சிதறும்போது தெரியும். அந்த நேரத்தில் முன்னால் பள்ளம் இருக்கிறதா மாடு நிற்கிறதா என்று பார்க்கவே முடியாது.

பக்கக்காற்று

இதுவரை சொன்னதெல்லாம் எதிர்க்காற்றுக்கு. வள்ளியூர், நாங்குநேரி வெட்டவெளியில் ஆளைத் தடுமாற வைப்பது பக்கத்திலிருந்து வருகிற காற்று. அதற்கு விண்ட்ஷீல்டு உதவாது. பெரிதாக இருந்தால் கெடுதல்.

நூற்றைம்பது சிசிக்குக் கீழ் உள்ள வண்டிகளுக்குச் சந்தையில் கிடைக்கிற பெரிய கண்ணாடிகள் அநேகமாக ஹேண்டில்பாரில் க்ளாம்ப் போட்டு மாட்டுபவை. பக்கவாட்டில் காற்று அறையும்போது அது கண்ணாடியைப் பிடித்துத் தள்ளுகிறது. கண்ணாடி ஹேண்டில்பாரைத் திருப்புகிறது. அதாவது உங்கள் வண்டியைக் காற்று ஓட்டுகிறது. கண்ணாடி ஹேண்டிலோடு திரும்பாமல் சேஸியோடு (வண்டியின் சட்டத்தோடு) நிற்கிற வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. ஹேண்டில்பாரில்தான் மாட்ட முடியும் என்றால், சிறியதாக, அகலம் குறைந்ததாக மாட்டுங்கள்.

பின்னால் டாப் பாக்ஸ் வைத்தவர்களுக்குச் சேர்த்து ஒரு வார்த்தை. உயரத்தில், பின்சக்கரத்துக்கும் பின்னால் எடை ஏறினால் முன்சக்கரம் லேசாகிவிடும். அதோடு முன்னால் பெரிய கண்ணாடியும் சேர்ந்தால் 80-ஐத் தாண்டும்போது வண்டி நெளிய ஆரம்பிக்கலாம். பெட்டியில் எடை வரம்பு பெரும்பாலும் எழுதியே இருக்கும். லேப்டாப்பும் டிபன் கேரியரும் தண்ணீர் பாட்டிலும் போட்டால் சில பெட்டிகளில் அந்த வரம்பைத் தாண்டிவிடலாம். கனமானதைப் பக்கப் பையில் தாழ்வாக வையுங்கள்.

ஓட்டுகிற முறையிலும் ஒரு தவறு இருக்கிறது. காற்று அடித்ததும் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பது இயல்பு. ஆனால் கை இறுகினால் உடம்பின் ஒவ்வொரு ஆட்டமும் ஹேண்டிலுக்குப் போய்விடும். முழங்காலால் டாங்கை அணையுங்கள், கையைத் தளர்த்துங்கள். லாரியை முந்தும்போது இன்னும் கவனம். வடக்கே போகையில் காற்று இடதுபக்கம், நீங்களும் இடதுபக்கம் சாய்ந்தபடிதான் ஓட்டுவீர்கள். லாரியின் வலப்பக்கம் ஏறியதும் காற்று சட்டென்று மறைகிறது; வண்டி லாரியை நோக்கி இழுக்கிறது. லாரியின் மூக்கைத் தாண்டிய நொடியில் முழுக் காற்றும் மறுபடி அறைந்து மீடியனை நோக்கித் தள்ளுகிறது. ஆகவே லாரிக்கும் உங்களுக்கும், உங்களுக்கும் மீடியனுக்கும் இடையே தாராளமாக இடம் கிடைக்கிறவரை முந்தாதீர்கள். பாலங்களிலும் மேம்பாலங்களிலும் இதே அடி கிடைக்கும்.

சத்தம், துணி, சூடு

காற்றுப் பாதுகாப்பு என்றால் கண்ணாடி மட்டும்தான் என்று நினைப்பதால் காது மறந்துபோகிறது. 60, 65 வேகத்திலேயே ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சல் 90 டெசிபல் பக்கம் வந்துவிடும். வேலைத்தலச் சத்தத்துக்கு அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) வைத்திருக்கிற வரம்பு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம். மருந்துக்கடையில் கிடைக்கிற ஃபோம் காதடைப்பான் இதற்கு நல்ல தீர்வு. ஹாரன் கேட்காமல் போய்விடும் என்று பயப்படுவார்கள்; காற்றின் இரைச்சல் தணிவதால் ஹாரன் தனியாகப் பிரிந்து கேட்கும். பெரிய தவறு, இரைச்சலை மீறிக் கேட்பதற்காக ப்ளூடூத்தில் பாட்டுச் சத்தத்தை ஏற்றுவது. இரைச்சலோடு அதுவும் சேர்ந்து காதுக்குப் போகிறது.

ஹெல்மெட் தளர்ந்திருந்தாலும் சத்தம் கூடும். உள் மெத்தை அமுங்கிப்போன பழைய ஹெல்மெட்டில் கழுத்துப் பக்கமாகக் காற்று ஏறும். கழுத்தில் ஒரு மெல்லிய துணிக் குழாய் போட்டு அந்த வழியை அடைத்தாலே பாதி சத்தம் போன மாதிரி இருக்கும். முன்னால் தொப்பி விளிம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மறைப்புள்ள ஹெல்மெட் பார்க்க அழகு. எதிர்க்காற்றில் அது தலையைப் பின்னால் இழுக்கும்.

துணியில் பொதுவான தவறு தொளதொளவென்று போடுவது. படபடக்கிற ஜாக்கெட் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உங்களைச் சோர்வாக்கும். மழைக்குப் போன்ச்சோ மாதிரி மேலே போர்த்துகிற கோட்டு பைக்கில் வேண்டவே வேண்டாம். காற்றில் பலூன் மாதிரி ஊதும், நுனி செயினிலோ சக்கரத்திலோ மாட்டலாம். துப்பட்டாவுக்கும் இது பொருந்தும். பேன்ட், சட்டை என்று இரண்டு துண்டாக இருக்கிற ரெயின்கோட்டே சரி. ஊட்டி, கோத்தகிரி பக்கம் விடியற்காலையில் இறங்குகிறவர்கள் டிகிரிக் கணக்கை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது: 10 டிகிரியில் 60 வேகத்தில் போனால் திறந்த தோலுக்கு அது சுமார் 5 டிகிரி மாதிரி இருக்கும். கையுறை இல்லாமல் விரல் மரத்துப்போனால் பிரேக் லீவரை நேரத்துக்குப் பிடிக்க முடியாது. ஹேண்டில்பாரில் கைக்காப்பு (ஹேண்ட்கார்டு) மாட்டினால் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, லீவர் எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகே சாலைக்கு எடுங்கள்.

கத்திரி வெயிலில் கதை தலைகீழ். வெப்பம் 40-ஐத் தொடும்போது காற்று தோலைக் குளிர்விப்பதில்லை, சூடேற்றுகிறது. வியர்வை ஒன்றுதான் குளிர்ச்சி தருவது, அதையும் வேகக்காற்று உறிஞ்சிவிடும். "காற்றோட்டமாக இருக்கட்டும்" என்று சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு வேலூர் சாலையில் ஓட்டுகிறவர் உடம்பு சீக்கிரம் வறண்டுபோகும். முழுக்கைத் துணி, மூடிய வைசர், நனைத்துக் கழுத்தில் சுற்றிய துண்டு, அடிக்கடி தண்ணீர். நகர நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் பெரிய கண்ணாடி வருகிற கொஞ்சக் காற்றையும் தடுக்கும், இன்ஜின் சூடு நெஞ்சுப் பக்கம் தேங்கும். சித்திரை, வைகாசிக்கு அதைக் கழற்றி வைக்கலாம்.

யாருக்கும் பிடிக்காத ஒரு யோசனையையும் சொல்லிவிடுகிறேன். 80-லிருந்து 65-க்கு இறங்கினால் காற்றின் தடை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. 40 கி.மீ. தூரத்துக்கு இதனால் கூடுதலாவது ஏழு நிமிடம். எந்த விண்ட்ஷீல்டும் இந்த அளவுக்குக் குறைக்காது, பெட்ரோலும் மிச்சமாகும்.

கடைசியாகப் பராமரிப்பு. விலை குறைந்த கண்ணாடிகளில் பல அக்ரிலிக், அடிபட்டால் சில்லாக உடையும். பாலிகார்பனேட் அவ்வளவு சுலபமாக உடையாது, ஆனால் எளிதில் கீறல் விழும்; பெட்ரோல், அம்மோனியா கலந்த கண்ணாடிக் கிளீனர் பட்டால் வெளுத்து வெடிப்பு விடும். காய்ந்த துணியால் பூச்சிக் கறையைத் தேய்க்காதீர்கள். ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் போட்டு ஊறவிட்டு எடுங்கள். போல்ட்டை முழுப் பலத்தோடு முறுக்கினால் ஓட்டையிலிருந்து விரிசல் தொடங்கும். ரப்பர் வாஷர் வைத்து, கண்ணாடி ஆடாத அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். மாட்டிய முதல் வாரத்தில் அதிர்வில் போல்ட்டுகள் தளரலாம். ஸ்பேனர் ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.