சொட்டு மருந்தால் கண்ணைச் சுற்றி அரிப்பா?

கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்குத் தினமும் சொட்டு மருந்து போடுகிறவர்களில் சிலருக்கு இமை சிவந்து, அரித்து, தோல் உரியும். நம் கண் ஒரு முழுச் சொட்டைக்கூடத் தாங்காது. மிச்சம் வழிந்து இமைத் தோலில் தங்குகிறது. உடம்பிலேயே மிக மெல்லிய தோல் அது.

ஒரு சொட்டு போதும். இரண்டாவது விட்டால் கன்னத்துக்குத்தான் வைத்தியம்! போட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்மூலையை விரலால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்துங்கள். வழிந்ததைச் சுத்தமான டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். இரவில் போடுகிறவர்கள், ஈரத்துணியால் இமையைத் துடைத்த பிறகு படுக்கலாம்.

இவ்வளவு செய்தும் அரிப்பு நிற்கவில்லையா? மருந்தோ, அது கெடாமலிருக்கச் சேர்த்திருக்கும் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தியோ ஒவ்வாமல் இருக்கலாம். பதப்படுத்தி இல்லாத சொட்டு மருந்துகளும் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள், கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறிவிடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவுவதும் கூடாது. அதுவும் கண் அழுத்தத்தைக் கூட்டக்கூடியது.

இமை வீங்கினாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். போகும்போது மருந்து பாட்டிலையும் எடுத்துப் போங்கள்.